யானைத் தந்தத்தில் உப்பரிகை

திருக்காட்டுப்பள்ளி,
நவம்பர் 9.

அன்பு நண்பா,

உன் கடிதம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் வந்தது. இங்கே அடைமழை. இரண்டு நாள் முன்பு கல்லறைக்கு அடித்த சுண்ணாம்பெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்ற ஏற்ற அணைந்தது. என் சின்னவன் குடையைத் தாத்தாவின் கல்லறைக்குப் பிடித்துவிட்டுத் தான் தொப்பலாக நனைந்தான். "தாத்தா நனைந்தால் என்னடா?" என்று அவன் அக்கா கேட்டதற்கு, "எழுந்திருக்கும்போது ஜலதோஷம் பிடிக்கும்" என்றான். உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று விசுவாசப் பிரமாணத்தில் நான் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜலதோஷம்வரை யோசித்ததில்லை.

உன் மகன் மறைக்கல்வித் தேர்வில் கோட்டைவிட்டதையும், அவன் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை தள்ளிப்போகலாம் என்பதையும் எழுதியிருந்தாய். தினமும் மாலையில் நீயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும், அதற்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லும்படியும் கேட்டிருந்தாய். மன்னித்துக்கொள், புத்தகம் சொல்லப்போவதில்லை.

முதலில் பயத்தை விடு. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், ஏழு வயதை ஒட்டிப் புத்தி தெளிந்த பிள்ளைக்கு நற்கருணை கொடுக்கலாம் என்று ஆணையிட்டார். அதற்கு முன்பு பல ஊர்களில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறைக்கல்வியைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. விசுவாசத்தின் அடிப்படை உண்மைகளைத் தன் சக்திக்கேற்ற அளவில் புரிந்து, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு வாங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். உன் மகனுக்கு அது தெரியும். சென்ற கோடையில் பூண்டி மாதா கோயிலில், நீ நற்கருணை வாங்கித் திரும்பியபோது உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தானே, நான் கவனித்தேன்.

நான் செய்த கூத்தைக் கேள். மூத்தவளின் புதுநன்மை நெருங்கிய சமயம், செபமாலை முடிந்த கையோடு பத்து நிமிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஏழு அருட்சாதனங்கள் எவை, சாவான பாவம் என்றால் என்ன என்றெல்லாம். சின்னக் குறிப்பிடத்தில், அந்த மறைக்கல்விக் கேள்வி-பதில் புத்தகத்தில், ஒரு வரி தவறினால் நாம் புளிய விளாரால் வாங்கியது நினைவிருக்கிறதா? விளார்தான் என் கையில் இல்லை, குரல் அப்படியே இருந்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள், செபமாலை தொடங்கும் நேரத்தில் அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. "செபத்தை டியூஷன் ஆக்காதீர்கள்" என்று என் மனைவி ஒரே வரியில் சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். அன்றோடு நிறுத்தினேன்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். இரவு எட்டு மணிக்கு மாடத்துச் சுரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி. தீக்குச்சி கிழிக்கும் உரிமை முறைவைத்து. (1964-இல், ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது. திருச்சபை என்றால் பதவிப் போட்டியும் இருக்கத்தானே செய்யும்!) என் அம்மா இன்னும் பழைய செபத்தில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றுதான் தொடங்குவார். பிள்ளைகள் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று புதிய செபத்தில் பதில் சொல்வார்கள். செபமாலையின் ஒவ்வொரு மணியிலும் பாதி பழைய செபத்தின் சர்வேசுரனுக்கு, பாதி புதிய செபத்தின் இறைவனுக்கு. இரண்டும் ஒருவருக்கே போய்ச் சேருகிறது என்று யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

மூத்தவளுக்கு, மாதாவைப் பல பெயர்களால் அழைக்கும் மன்றாட்டு மாலை என்றால் உயிர். "தந்த மயமான உப்பரிகையே" என்ற இடத்தில் ஒருநாள் நிறுத்தி, "அதற்கு எத்தனை யானை வேண்டும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா மட்டும் சிரிக்காமல், "எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன், நீ மேலே சொல்லு" என்றார்.

பிறகு புரட்டாசியில், நடவு முடிந்த வாரம், எங்களுக்கு விடிகாலை நான்கு மணிக்குத் தண்ணீர் முறை. மடை திருப்பப் போனபோது அவளும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தாள். வரப்பில் நின்று, கிழக்கே விடிவெள்ளியைக் காட்டி, "அப்பா, விடியற்காலத்தின் நட்சத்திரமே என்று சொல்கிறோமே, அது இதுவா?" என்றாள். ஆமாம் என்றேன். "சூரியன் வரப்போகிறது என்று சொல்கிற வேலையா மாதாவுக்கு?" என்றாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். மாதாவைப் பற்றி இதைவிடச் சரியாக நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேன். சொல் முதலில் வாயில் ஏறிக் குடியிருந்தது. அர்த்தம் அதைத் தேடிக்கொண்டு வயலுக்கு வந்தது.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் லேசுப்பட்டவரா? இலக்கணமும் அகராதியும் செய்த மனிதர். அவரே அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல மாதாவுக்குக் கலம்பகம் பாடினார். இலக்கணக்காரருக்கே பாட்டு தேவைப்பட்டிருக்கிறது, நமக்கு என்ன?

மறைக்கல்வி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஞாயிறு வகுப்புக்கு இரண்டு பேரும் ஒழுங்காகப் போகிறார்கள். அங்கே விடைகள் கிடைக்கின்றன. கேள்விகள் மட்டும் வீட்டில், முழந்தாளில் இருக்கும்போதுதான் முளைக்கின்றன.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் உனக்குக் கஷ்டமானது. அவனை உட்கார வைக்காதே, நீ முழந்தாளிடு. அவன் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாலும் கூப்பிடாதே. செபமாலையின் ஐந்து பத்து மணியும் முடியாவிட்டால் ஒரு பத்து போதும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வரப்போகிறது, குடில் கட்டும் வேலையை அவனிடமே விட்டுவிடு. வைக்கோல் இங்கிருந்து அனுப்புகிறேன், சென்னையில் அதற்கும் விலை சொல்வார்கள். குருத்தோலை ஞாயிறன்று வாங்கிய ஓலைச் சிலுவையை அலமாரிக்குள் வைத்திருக்கிறாய் என்று தங்கச்சி சொன்னது. அதை எடுத்து வாசல் நிலையில் செருகு. அடுத்த சாம்பல் புதனுக்கு முன்பு, எரித்துச் சாம்பலாக்க, அதைக் கோயிலில் கொடுக்க அவனையே அனுப்பு. தன் வீட்டு ஓலை தன் நெற்றிக்கே சாம்பலாகத் திரும்பி வருவதை அவன் பார்க்கட்டும்.

அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தேர்வு விஷயம் அவருக்குப் புரியவேயில்லை. "சேசு பரீட்சையா வைத்தார்?" என்று கேட்டுவிட்டு, ஞாயிறு இரவு எட்டு மணிக்கு உன் மகனைத் தொலைபேசியில் வரச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் பத்து மணி அவனுக்காம். அவர் பழைய செபத்தில்தான் தொடங்குவார். அவன் தனக்குத் தெரிந்ததில் பதில் சொன்னால் போதும்.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி