பட்ஜெட் புத்தகத்தைப் படிக்க நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்ஜெட் தாக்கலான மறுநாள் நாளிதழ்களில் 'இத்தனை கோடி ஒதுக்கீடு' என்ற பட்டியல்தான் பக்கம் பக்கமாக வருகிறது. எல்லாம் அமைச்சரின் உரையிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு துறையும் எதற்கு எவ்வளவு பணம் கேட்கிறது என்று காட்டும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்து எழுதிய செய்தி அபூர்வம். நிருபர்களைக் குறை சொல்ல முடியாது. அதைப் படிக்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஒரு முழுநாள் பயிற்சி போதும். சொற்பொழிவு வேண்டாம்; ஆளுக்கொரு துறையின் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். முதலில் நான்கு இலக்கக் கணக்குத் தலைப்பு, அதாவது செலவு எந்த வகை என்று காட்டும் எண். 2, 3-இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு: சம்பளம், மானியம், பராமரிப்பு. 4, 5 என்றால் மூலதனச் செலவு: கட்டடம், சாலை, பாலம். 2202 என்பது பொதுக் கல்வி. 4202-இல் கல்விக்கான மூலதனச் செலவு வரும். 'பள்ளிக் கல்விக்குப் பெருந்தொகை' என்று தலைப்பிடும் முன் இரண்டையும் பார்த்தால், சம்பளம் போகக் கட்டடத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்பது ஓரளவு பிடிபடும். ஓரளவுதான். கட்டடத்துக்கான பணம் வேறோர் அமைப்புக்கு மானியமாகப் போனால் அது 2202-இலேயே இருக்கும். ஆகவே துணைத் தலைப்புவரை இறங்கிப் பார்க்கப் பழக்க வேண்டும்.

பலர் சறுக்குவது ஒப்பீட்டில்தான். 2025-26 புத்தகத்தில் 2023-24 கணக்கு (நிஜமாகச் செலவானது), 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு (பிறகு மாற்றிய தொகை), 2025-26 பட்ஜெட் மதிப்பீடு என நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். ஒரு திட்டத்துக்குச் சென்ற ஆண்டு மதிப்பீடு 100 கோடி, திருத்தத்தில் 80 கோடி, இந்த ஆண்டு 90 கோடி என்று வையுங்கள். ஒரு நாளிதழ் '10 கோடி உயர்வு' என்னும். இன்னொன்று '10 கோடி வெட்டு' என்னும். எந்தப் பத்தியோடு ஒப்பிட்டோம் என்று எழுதாவிட்டால் இரண்டுமே வாசகரை ஏமாற்றுகின்றன. 100 ஏன் 80 ஆனது என்பதுதான் உண்மையான செய்தி. அதை யாரும் கேட்பதில்லை. 2023-இல் அறிவித்த திட்டத்துக்கு நிஜமாக எவ்வளவு செலவானது என்பதும் 2025-இல் வரும் புத்தகத்தில்தான் தெரியும். பயிற்சிக்கு வருபவர் தன் துறையின் பழைய அறிவிப்பு ஒன்றை இப்படித் தேடிப்பிடித்து எழுதட்டும்.

சின்னக் கணக்குகளும் தடுமாறுகின்றன. 2025 பிப்ரவரியில் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 6.50-இலிருந்து 6.25 ஆனபோது குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் ஏறத்தாழ 3.8. பணவீக்கம் 6-இலிருந்து 4 சதவீதமானால் விலை இறங்கியதாகப் பொருள் இல்லை, ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது. தமிழக அரசின் நிதிநிலை பற்றிய 2021 வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று வந்ததும் பலர் பதறினார்கள். மொத்தக் கடனைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்த தொகை அது. யார் வீட்டிலும் வசூலிக்கப்போவதில்லை. கூடவே மாநில உற்பத்தி மதிப்பில் கடன் எத்தனை சதவீதம் என்றும் சொன்னால்தான் சுமை விளங்கும்.

தேர்தல் செய்தியிலும் இதே கதைதான். வேட்பாளர் சொத்து விவரத்தோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐ வைத்து 'சொத்து மூன்று மடங்கு' என்று எழுதும் முன், புதிதாக வாங்கியதா, பழைய நிலத்தின் சந்தை மதிப்பு உயர்ந்ததா என்று சர்வே எண்ணை ஒப்பிட வேண்டும்.

பயிற்சியைப் பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முன்பே நடத்திவிடுங்கள். தாக்கலான அன்று மாலை, எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று யோசிக்க நேரம் இருக்காது. பழைய புத்தகங்கள் நிதித் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

வாசகர், திருச்சி