புது செயினும் மண்ணெண்ணெயும்

உடுமலைப்பேட்டை
ஆடி 22

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. பதில் எழுதாததற்குப் பாதி காரணம் என் சோம்பல், மீதி இந்த ஆடிக்காற்று. திண்ணையில் உட்கார்ந்து தாளை விரித்தால் அது தாராபுரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊர் மண்ணை அள்ளி எங்கள் வீட்டுக்குள்ளேயே கொட்டிவிட்டுப் போகிறது. இன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

மூட்டுவலி என்று டாக்டரிடம் போன நீ கியர் சைக்கிளோடு திரும்பி வந்த கதையை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். பாளையங்கோட்டையில் மணிக்கு 50 காசு வாடகை சைக்கிளைக் கால் மணி நேரம் தாமதமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு, "உங்க கடிகாரம் வேகமா ஓடுது அண்ணாச்சி" என்று சண்டை போட்டவன் நீ. இருபதாயிரத்தைச் சைக்கிளுக்கு எண்ணிக் கொடுத்தாய் என்றால் யார் நம்புவார்கள்? சரி, முட்டி இப்போது எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டாதே. பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும்.

செயின் பிசுபிசு என்று இருக்கிறது, பேன்ட்டெல்லாம் கறை, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவிவிட்டு நல்ல எண்ணெய் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. நான் போன பங்குனியில் அதைத்தான் செய்தேன்.

எனக்கு வாங்கியது கியர் இல்லாத சாதா சைக்கிள். செயினில் தேன் நிறத்தில் கிரீஸ் பூசியிருந்தது. ஒரு வாரம் ஓட்டியதும் அதில் மண் ஒட்டி அரைத்த எள்ளுப் பொடி மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. செயினின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற லாக்கைக் கட்டிங் பிளேயரால் நெம்பினேன். அது 'டிங்' என்று எகிறி எங்கோ போய்விட்டது. சுண்டுவிரல் நகம் அளவு சாமான். பேரனுடைய பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுத்து, அரை மணி நேரம் கழித்துத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். மண்ணெண்ணெய் இப்போது குதிரைக்கொம்பு. எங்கெங்கோ கேட்டு அரை லிட்டர் வாங்கி, பழைய பெயின்ட் டப்பாவில் ஊற்றிச் செயினை ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் எடுத்தால் வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளத்தது. உன் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு நாளா நம்ம வீட்டு வெண்கலப் பானையை இப்படி யாரும் தேய்க்கலையே" என்றாள்.

மாட்டி, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ஓட்டினேன். நாலே நாள். ஐந்தாம் நாள் 'கீச் கீச்' என்று அணில் குடும்பமே செயினில் குடியேறிய மாதிரி சத்தம். திரும்ப எண்ணெய் விட்டால் இரண்டு நாள் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். நடுவில் ஒரு கோடை மழையில் நனைந்தது. மறுநாள் காலை கண்ணிகளின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு.

சந்தைப்பேட்டைப் பக்கம் ஐம்பது வருஷமாகச் சைக்கிள் ஓவராயில் செய்கிற ஒரு பாய் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். செயினை விரலால் ஒருமுறை பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். "கழுவிட்டீங்களா?" என்றார். நான் பேசவில்லை. "லாக்கையும் திருப்பிப் போட்டிருக்கீங்க." அந்த லாக் ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் பிளந்தும் இருக்குமல்லவா, மூடிய பக்கம்தான் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டுமாம். மாற்றிப் போட்டால் எங்காவது உரசிக் கழன்றுவிடும். நல்ல நேரம், நடுரோட்டில் போகவில்லை.

அப்புறம் ஒரு கழித்துப்போட்ட செயினை எடுத்து, பின்னைத் தட்டி ஒரு கண்ணியைப் பிரித்துக் காட்டினார். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் பின், அதைச் சுற்றி உருளுகிற உருளை. இரண்டு பின்களுக்கு நடுவே அரை அங்குலம். இப்படி நூற்றுச் சொச்சம் கண்ணி. மான்செஸ்டரில் இருந்த ஹான்ஸ் ரெனால்டு என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1880-ல் செய்த அமைப்புதான், பெரிதாக மாறவில்லை. தேய்மானமெல்லாம் உள்ளே, பின் திரும்புகிற இடத்தில். ஃபாக்டரியில் சூடாக்கி இளக்கிய கிரீஸ் அந்தச் சந்துக்குள்ளே போய் ஆறி உறைந்துவிடுகிறது. நான் மேலே விடுகிற நாலு சொட்டு அங்கே அவ்வளவு சுலபத்தில் போய்ச் சேராது. போனாலும், ஏற்கெனவே உள்ளே தங்கியிருக்கிற மண்ணெண்ணெயோடு கலந்து நீர்த்துப் போகும். மேலே பளபளப்பு, உள்ளே இரும்பும் இரும்பும் உரசல். இதுதான் நான் செய்த வேலை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் ஷெல்டன் பிரவுன் என்று ஒரு மெக்கானிக் இருந்தார், 2008-ல் காலமாகிவிட்டார். சைக்கிள் சமாசாரம் ஒன்று விடாமல் எழுதிவைத்தவர். அவரும் பாய் கட்சிதான்: புதுச் செயினோடு வருகிற கிரீஸை விட நல்லதாக நாம் எதையும் பின்னால் போட முடியாது, கழுவாதே என்பார். எதிர்க்கட்சியும் உண்டு. பந்தயக்காரர்கள் கிரீஸை ஒரு துளி விடாமல் எடுத்துவிட்டு, பாரஃபின் மெழுகை உருக்கி அதில் செயினை முக்குவார்கள். மெழுகு கிரீஸ் மேல் பிடிக்காது, அதனால் அவர்கள் கழுவுவதில் நியாயம் இருக்கிறது. மெழுகு காய்ந்து கிடப்பதால் மண்ணும் ஒட்டாது. ஆனால் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருதரம் அடுப்படியில் நின்று மெழுகு உருக்க வேண்டும். நீ தூத்துக்குடி முத்துநகர் கடற்கரை வரை போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வருகிறவன். உனக்கு எதற்கு அது?

இன்னொன்று, உன் ஊர் வேறு, என் ஊர் வேறு. எனக்கு எதிரி புழுதி. உனக்கு உப்புக்காற்று. அந்தக் கிரீஸ் பூசுவதே, செயின் பெட்டியிலும் லாரியிலும் கிடக்கும்போது துருப்பிடிக்காமல் இருக்கத்தான் பாதி. உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அதைக் கழுவி எடுப்பது, மழையில் நின்று குடையை மடக்குவது மாதிரி.

ஆகவே செயினைக் கழற்றாதே. திருப்பூர் பனியன் வேஸ்ட் கால் கிலோ வாங்கிக்கொள். அதில் லேசாக, நன்றாகக் கவனி, லேசாக மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ நனைத்து, செயினின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையில் துணியோடு பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்று. நாலைந்து சுற்றில் துணி கறுத்துவிடும். துணியை மாற்றி மறுபடி. செயினைத் தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு வந்ததும் நிறுத்து. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும். பெட்ரோல் பக்கம் போகாதே, நீ பீடியை விட்டுவிட்டேன் என்று சொல்வதை நான் நம்பவில்லை.

பிறகு எப்போதாவது சத்தம் கேட்டால், அல்லது மழையில் நனைந்தால், செயினுக்கென்றே விற்கிற எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டு வீதம் விடு. ராத்திரி விட்டுக் காலையில் மேலே துடைத்துவிடு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். எங்கள் ஊர் மார்கழியில் அது பாட்டிலிலேயே உறைந்துவிடுகிறது, செயினில் என்ன செய்யும்? துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் வேண்டாம், இருக்கிற கிரீஸையும் அது கரைத்துவிடும்.

என் செயின் கதை முடிந்தது. பாய் 12 அங்குல ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தார். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். என்னுடையது அதற்குள் ஒன்றரை மில்லி தாண்டியிருந்தது. செயின் நீள்வது என்றால் தகடு இழுபடுவதில்லை, பின்கள் தேய்வதுதான். இன்னும் ஓட்டியிருந்தால் பின்சக்கரத்துப் பிரீவீல் பல்லையும் தின்றிருக்கும் என்றார். வேறு செயின் போட்டாயிற்று. கழுவவில்லை.

சின்னவளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறோம். பத்திரிகை தனியாக வரும். குடும்பத்தோடு வந்து நாலு நாள் இரு. திருமூர்த்தி மலைக்கு ஆளுக்கொரு சைக்கிளில் போகலாம், உன் முட்டி ஒத்துழைத்தால்.

பேன்ட் கறைக்கு உன் வீட்டில் இருக்கிற என் தங்கச்சியிடம் சொல்: முதலில் கறை மேல் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பத்து நிமிஷம் விட வேண்டும், பிறகு பாத்திரம் விளக்குகிற சோப்பு. நேரே தண்ணீரில் போட்டால் பரவிவிடும். அதுவரை வலது காலில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்.

உன் பழைய ரூம்மேட்