கோல்டன் ஸ்பைக்ஸை இரண்டாக்குங்கள்: விருதுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

யூஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பின் கோல்டன் ஸ்பைக்ஸ் விருதுக் குழுவினருக்கு,

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் சிறந்த அமெச்சூர் பேஸ்பால் ஆட்டக்காரருக்கு, பெரும்பாலும் ஒரு கல்லூரி ஆட்டக்காரருக்கு, வருடாவருடம் நீங்கள் கொடுக்கிற விருது கோல்டன் ஸ்பைக்ஸ். பந்து வீசுகிறவரையும் மட்டை பிடிக்கிறவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் இவர்தான் என்று ஒருவரை மட்டும் மேடை ஏற்றுவது போதும். பிட்ச்சருக்கு ஒன்று, பேட்டருக்கு ஒன்று என இரண்டு விருது கொடுங்கள்.

உங்கள் பட்டியலையே எடுத்துப் பாருங்கள். 2004 முதல் 2011 வரை எட்டு வருடத்தில் ஐந்து முறை பிட்ச்சர்கள் வாங்கினார்கள்: ஜெரெட் வீவர், டிம் லின்ஸெகம், டேவிட் பிரைஸ், ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், டிரெவர் பாவர். அதற்கு அப்புறம் 2025 வரை, பந்துவீச்சை மட்டுமே நம்பி ஆடிய ஒரே ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது, 2021இல் ஆர்கன்சாவின் கெவின் காப்ஸ். அவரும் பெரும்பாலும் பாதி ஆட்டத்தில் இறங்கிக் காப்பாற்றுகிற ரிலீவர். ஏ.ஜே. ரீட் (2014), பிரெண்டன் மெக்கே (2017) இருவரும் வீசினார்கள்தான், ஆனால் அடிக்கவும் செய்தார்களே. ரீட் அந்த வருடம் 23 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். இத்தனை வருடமாக அமெரிக்கக் கல்லூரிகளில் நல்ல பிட்ச்சரே வரவில்லையா என்ன?

வந்தார்கள். 2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியின் பிட்ச்சர் பால் ஸ்கீன்ஸ் 209 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரைப் பந்துவீச்சாலேயே அவுட் ஆக்குவது) எடுத்து, அதே கல்லூரியின் பென் மெக்டொனால்ட் 1989இல் எடுத்த 202 என்ற எஸ்இசி (தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் லீக்) சாதனையை உடைத்தார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.69 ரன்தான் விட்டார். ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடரில் அணி கோப்பை வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். 1989இல் மெக்டொனால்டுக்கு நீங்கள் விருது கொடுத்தீர்கள். ஸ்கீன்ஸுக்கு இல்லை, அதே அணியின் பேட்டர் டிலன் க்ரூஸுக்குப் போனது. க்ரூஸின் பேட்டிங் சராசரி .426, அவருக்குக் கொடுத்ததை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. அதுதான் என் பிரச்சினையே. தப்பே இல்லாத இரண்டு பதில் இருக்கும்போது கேள்விதான் கோணலாக இருக்கிறது.

பேட்டருக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 1987இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் ராபின் வென்டுரா தொடர்ந்து 58 ஆட்டங்களில் ஒரு ஹிட்டாவது (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை அடைவது) அடித்தார். அந்த வருட விருது வலது உள்ளங்கை இல்லாமல் பிறந்து இடது கையால் வீசிய மிச்சிகனின் ஜிம் அபட்டுக்கு. இருவரில் யாரை விடுவீர்கள்? வென்டுராவுக்கு அடுத்த வருடம் கிடைத்தது, சரி, ஆனால் எல்லாருக்கும் அடுத்த வருடம் என்று ஒன்று இருப்பதில்லை.

பேட்டர் வாரத்தில் நாலைந்து ஆட்டம் ஆடுகிறார், தினமும் கண்ணில் படுகிறார். அணியின் முதன்மை பிட்ச்சரோ வெள்ளிக்கிழமை இரவு வீசிவிட்டு அடுத்த வெள்ளி வரை உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுப் போடுகிறவர்கள் யாரை அதிகம் பார்த்திருப்பார்கள்? யாரையும் குறை சொல்லவில்லை, ஆட்டத்தின் அமைப்பே அப்படி. அமெரிக்கத் தொழில்முறைப் பெரிய லீக்கில் எம்விபி (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதில் பிட்ச்சர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற குறை வந்ததால்தான் 1956இல் பிட்ச்சர்களுக்கென்றே சை யங் விருதைத் தொடங்கினார்கள். (எங்கள் ஊர் ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஐபிஎல்லில் ஆரஞ்சுத் தொப்பியும் ஊதாத் தொப்பியும் வேறு வேறு தலைக்குத்தான்.)

இரண்டு கொடுத்தால் மதிப்புக் குறையும் என்பீர்கள். 2023இல் கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான இன்னொரு விருதான டிக் ஹவுசர் விருது ஸ்கீன்ஸுக்குப் போனதால், கெளரவம் எப்படியோ இரண்டாகப் பிரிந்துதான் போனது, க்ரூஸின் மதிப்பு அதில் குறைந்துவிடவில்லை. மெக்கே மாதிரி இரண்டையும் செய்கிற பையன் வந்தால் இரண்டு பட்டியலிலும் பெயரைப் போடுங்கள், இரண்டையும் வாங்கினால் வாங்கிக்கொண்டு போகட்டும்.

1978இல் பாப் ஹார்னருக்குக் கொடுத்ததிலிருந்து வருகிற பெயரை மாற்ற வேண்டாம். கோல்டன் ஸ்பைக்ஸ் என்றே இருக்கட்டும், ஒரே நாள், ஒரே மேடை, இரண்டு கோப்பை. அப்படியே ஓட்டு எண்ணிக்கையையும் வெளியிட்டால் இன்னும் நல்லது, நாங்கள் சண்டை போட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை ஆட்டங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு ரசிகன்