தேர்ந்தெடுத்த லேயர் மட்டும் நகரட்டும்

படம் திருத்தும் மென்பொருள் தயாரிக்கும் நிறுவனத்தின் வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். மாதாமாதம் தவறாமல் சந்தா கட்டிவரும் ஃப்ளெக்ஸ் டிசைனர் ஒருவன் எழுதுகிறேன். போன மாத அப்டேட்டுக்குப் பிறகு படத்தில் உள்ளவற்றை நகர்த்தும் மூவ் டூலில் ‘ஆட்டோ செலக்ட்’ டிக் தானாகவே விழுந்துவிடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போன்றவைதான் லேயர்கள்; அந்த டிக் இருந்தால், நான் தேர்ந்தெடுத்ததை விட்டுவிட்டு மவுஸ் பட்ட இடத்தில் தெரிகிற லேயர் நகர்ந்துவிடுகிறது. பட்டியலில் நான் எந்த லேயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேனோ அது மட்டும் நகர வேண்டும்.

ஒரு டிக்குக்கு மடலா என்று தோன்றும். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

இரவு 10 மணிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வந்தது. பத்துக்கு ஆறடி, விடிவதற்குள் கட்டியாக வேண்டும். நடுவில் பெரியவர் படம், அதன் கீழ்விளிம்பை மங்கலாக்கியிருந்தேன். அந்த மங்கலுக்குள் தெரிகிற மாதிரி நான்கு மகன்களின் பெயர்கள், ஒவ்வொன்றும் தனி லேயர். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உறவினர், “தம்பி, அப்பா படத்தைக் கொஞ்சம் மேலே தூக்குங்க” என்றார். படத்தின் லேயரைத் தேர்ந்தெடுத்துத்தான் இழுத்தேன். நகரவில்லை. மவுஸ் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து மறுபடி இழுத்தேன், நகர்ந்தது.

முதல் இழுப்பில் நகர்ந்தது வேறு. விளிம்பில் படம் ஏறக்குறைய கண்ணாடி போல இருந்ததால், உங்கள் கருவி அதை விட்டுவிட்டு அடியில் தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டது. கடைசி மகனின் பெயர் மேலே ஏறி அப்பாவின் சட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மீதி மூன்றும் வரிசையாகவே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

காலையில் பந்தல் வாசலில் கட்டிய பிறகுதான் தெரிந்தது. இழவு வீட்டில் ஒரு மகனின் பெயர் விடுபட்டால், அதை மூவ் டூலின் கோளாறு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொத்துத் தகராறில் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருந்த வீடு வேறு. “பேனர்லயே என்னைத் தள்ளி வெச்சிட்டீங்கல்ல” என்று அவர் தோள் கொடுக்க வரமாட்டேன் என நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் விளக்கினேன். ஆட்டோ செலக்ட் என்றால் என்ன என்று நீங்கள் ஒருமுறை ஒப்பாரிக்கு நடுவே விளக்கிப் பாருங்கள். 60 சதுர அடியையும் என் செலவில்தான் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

லேயரைப் பூட்டி வைக்கலாமே என்பீர்கள். எழுபது லேயர் இருக்கிற ஃபைலில் ஒன்றை நகர்த்த மீதி அறுபத்தொன்பதையும் பூட்ட வேண்டுமா? 1990-இல் ஃபோட்டோஷாப் முதலில் வந்தபோது லேயரே கிடையாது; ஒட்டினால் ஒட்டியதுதான். 1994-இல் அதன் 3.0 பதிப்பில்தான் லேயர் வந்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையக் கூடாது என்றுதானே எல்லோரும் அதை விரும்பினோம்?

ஒரு வரி தட்டினால் வானத்தையே மாற்றித் தரும் பொத்தான் வைத்திருக்கிறீர்கள். நன்றி. எங்கள் பேனர்களில் வானத்துக்கு இடமே இருப்பதில்லை, அவ்வளவு தலைகள். சந்தாத் தேதி மட்டும் மறக்காத உங்கள் மென்பொருளுக்கு, நான் எடுத்த டிக் ஒவ்வொரு அப்டேட்டிலும் எப்படி மறந்துபோகிறது என்றுதான் புரியவில்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ செலக்ட் வேண்டும் என்பவர்கள் முன்பு போலவே கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்யட்டும். மற்றபடி தேர்ந்தெடுத்த லேயர் மட்டும் நகரட்டும். அப்டேட் வந்தாலும் எங்கள் அமைப்புகள் அப்படியே இருக்கட்டும். தயவுசெய்து இதை விரைவில் செய்து கொடுங்கள். அதே வீட்டின் பதினாறாம் நாள் காரியத்துக்கும் பேனர் என்னிடமே வந்திருக்கிறது. இந்த முறை ஸ்டூலில் கடைசி மகனே வந்து உட்காரப்போகிறாராம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரன்