படக்கதைப் புத்தக அலமாரியைத் திறந்துவிடுங்கள்: ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியின் முதல்வருக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தமிழ் வகுப்பறையில் இருந்த படக்கதைப் புத்தகங்கள் ஏன் பூட்டிய அலமாரிக்குள் போயின என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சில புத்தகங்கள் கிழிந்தன, ஒன்றிரண்டு திரும்பி வரவில்லை. பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும்வரை புத்தகம் வீட்டுக்குத் தரப்படாது என்று பள்ளி பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் அறிவிப்பு வந்தது. அடுத்த வாரமே பொறுப்புணர்ச்சி பற்றி ஒரு பயிற்சித்தாள் வந்தது. கோடிட்ட இடங்களை என் மகள் சரியாகவே நிரப்பினாள். கையில் புத்தகமே இல்லாத பிள்ளை, புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள எங்கே பழகும்?

அலமாரி பூட்டப்படுவதற்கு முன் அவள் கொண்டுவந்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டைக் கட்டிவிட்டு வா என்று ஒரு பையனிடம் அவன் அம்மா சொல்கிறாள். பக்கத்தைப் புரட்டினால் “ஆட்டைக் காணோம்!” என்ற இரண்டே சொற்கள். மற்றதெல்லாம் படம்தான்: மரத்தடியில் அவிழ்ந்து கிடக்கும் கயிறு, பையன் கையில் பட்டம். என் மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அப்புறம் அந்தக் கயிற்றின் மேல் விரலை வைத்து, “இவன் சரியா கட்டலம்மா” என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை, கதையிலும் அப்படி ஒரு வரி இல்லை. பையன் தன் அம்மாவிடம் உண்மையைச் சொல்வானா என்று தெரிந்தாக வேண்டும் என்பதற்காகவே அடுத்த பக்கத்திலிருந்த மூன்று வரிகளையும் முட்டி மோதி வாசித்து முடித்தாள். வாசிப்பு, பொறுப்பு இரண்டையும் அந்த ஒரு புத்தகமே அவளுக்குக் கற்றுக்கொடுத்தது.

இப்போது வீட்டுக்கு வருவது ஒளிநகல் எடுத்த ஒரு பத்தி. தினமும் உரக்க வாசிக்க வேண்டும், நான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாளில் பத்தி மனப்பாடம் ஆகிவிடுகிறது. தாளைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பிக்கிறாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்டால் விழிக்கிறாள். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வந்து சேர முடிகிறது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் போடுகிறேன். ஆசிரியர்களே, இது வாசிப்பு இல்லை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதே பள்ளியின் ஆங்கில வகுப்பில், ஸ்டெல்லார் என்ற ஆங்கில வாசிப்புத் திட்டத்தில், பெரிய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கிறார், அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கிறார். ஆங்கிலப் புத்தகங்களும் கிழியத்தான் செய்கின்றன. அந்த அலமாரியை யாரும் பூட்டவில்லை. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 27.9 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 59.2 விழுக்காடு. எந்த மொழிப் பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் கூடுதலாகத் தேவை?

தொடக்கநிலை 1, 2 வகுப்புகளுக்கு 2019 முதல் தேர்வே இல்லை. மதிப்பெண் பயம் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளிலும் பயிற்சித்தாள்தானா? ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் மேடை, பேச்சுப் போட்டி, மாறுவேடம் என்று பிள்ளைகளை ஓட வைக்கிறோம். எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு இறங்கும் பிள்ளைக்கு வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு தமிழ்ப் புத்தகம் இல்லை. கைதட்டுகிற நாம் எல்லாருமே வெட்கப்பட வேண்டிய விஷயம் இது.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அலமாரியைத் திறந்துவிடுங்கள். வாரம் ஒரு படக்கதைப் புத்தகம் வீட்டுக்குக் கொடுங்கள். கிழிந்தால், கிழித்த பிள்ளையையே டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். யார் எதை எடுத்தார்கள் என்று ஏட்டில் குறிக்கும் வேலையையும் பிள்ளைகளிடமே முறை வைத்து விடுங்கள். 2016-இல் கல்வி அமைச்சு அறிவித்தபின், வகுப்பறையைத் தினமும் சுத்தம் செய்யும் வேலையைப் பிள்ளைகளை நம்பித்தானே கொடுத்தோம். துடைப்பத்தைப் பூட்டி வைத்துவிட்டுத் துப்புரவைப் பற்றி அவர்களுக்குப் பயிற்சித்தாள் கொடுக்கவில்லையே.

புத்தகம் போதாது என்றால் அதற்கும் வழி உண்டு. பெங்களூரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, இலவசமாக அச்சிட்டுக்கொள்ளும் உரிமத்தோடு கிடைக்கின்றன. தடித்த தாளில் அச்சிட்டு, தைத்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் தரப் பெற்றோர் சிலர் தயாராக இருக்கிறோம். அச்சுச் செலவையும் பகிர்ந்துகொள்கிறோம்.

ஆசிரியர்களின் வேலைப்பளு எனக்குத் தெரியும். கிழிந்த புத்தகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவரும் நீங்கள்தான். அதனால்தான் உங்களை மட்டும் கேட்காமல் முதல்வரையும் கேட்கிறேன்: கிழிந்த புத்தகத்துக்காக எந்த ஆசிரியரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று முதல்வர் எழுத்தில் சொல்லிவிட்டால் பாதிப் பூட்டு திறந்துவிடும்.

அடுத்த தவணை தொடங்குவதற்குள் நல்ல பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்கநிலை 2 மாணவி ஒருத்தியின் தாய்