சங்கத்தின் ஆண்டறிக்கை: நாணல் குழப்பமும் ஹெர்ரிங் கணக்கும்

எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நம் தவறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் என்ற கடலோரப் பகுதியில் மேஷ்பீ வாம்பனோவாக் பழங்குடியினரின் நிலத்தை ஒட்டிய சதுப்பில் மண்டிக் கிடக்கும் நாணலைப் பிடுங்கலாம் என்று மார்ச்சில் தேதி குறித்து, வாட்ஸ்அப்பில் அறிவித்து, கையுறைகூட வாங்கிவிட்டோம். அவர்களிடம் கேட்டீர்களா என்று ஓர் உறுப்பினர் கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டோம். 2007இல்தான் அவர்களுக்கு அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 2015இல் அவர்களுக்கென ஒதுக்கிய சுமார் 320 ஏக்கரையும் 2020இல் திரும்பப் பறிக்கப் பார்த்தார்கள், 2021 டிசம்பரில்தான் அது மறுபடி உறுதியானது. அப்படிப்பட்டவர்களின் வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் மண்வெட்டியோடு போய் நின்றால் எப்படி இருக்கும்? ரத்து செய்துவிட்டோம். அப்புறம் படித்துப் பார்த்தால், அந்த வெளிநாட்டு நாணலைக் கையால் பிடுங்கினால் அறுந்து மண்ணில் தங்கும் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்குமாம். நல்லவேளை.

ஏப்ரலிலும் மேயிலும் ஹெர்ரிங் எண்ணப் போனோம். கடலிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுக் குளத்துக்குப் போய் முட்டையிடும் மீன், பார்க்க நம் மத்தி போலத்தான் இருக்கும். பத்து நிமிடம் நின்று, கடந்து போவதை எண்ணி எழுத வேண்டும். முதல் வாரம் முழுக்கப் பூஜ்யம்தான். அதையும் எழுதியாக வேண்டும், அதுவும் கணக்குதான். ஒரு சாயங்காலம் தண்ணீர் திடீரென்று கறுத்தது, நிழல் என்று நினைத்தோம், மீன்! குறைந்து போனதால் மாசசூசெட்ஸில் 2006இல் இதைப் பிடிக்கத் தடை போட்டார்கள். சோளத்துக்கு இந்த மீனையே உரமாகப் போட்ட வாம்பனோவாக் மக்களுக்கு இதைப் பிடிக்கப் பரம்பரை உரிமை உண்டு.

அக்டோபரில் பிளைமவுத் டிட்மார்ஷ் போனோம். நூறு வருஷத்துக்கு மேல் கிரான்பெர்ரி (சதுப்பில் விளையும் புளிப்புப் பழம்) தோட்டமாக இருந்த இடம். தோட்டக்காரர்கள் சதுப்பின் மேல் மணலை அடுக்கடுக்காகக் கொட்டி, நேர்கோட்டில் வாய்க்கால் வெட்டி, அணை கட்டி வைத்திருந்தார்கள். மறுபடி சதுப்பாக்குவதற்காக அணையை எடுத்து, வாய்க்காலைத் தூர்த்து, மணலைக் கிளறிவிட்டதும் அடியில் உறங்கிக் கிடந்த பழைய விதைகள் தானாகவே முளைத்தன, யாரும் நடவில்லை. சம்பு, கோரை எல்லாம் வாம்பனோவாக் மக்கள் தங்கள் வீடுகளுக்குப் பாய் முடைந்த புல். சதுப்பு போனால் அந்தக் கைவேலையும் போய்விடும். அதே மாதம் இரண்டாம் செவ்வாய், மார்த்தாஸ் வினியார்ட் தீவில் இருக்கும் அக்வின்னா வாம்பனோவாக் மக்கள் காட்டுக் கிரான்பெர்ரி பறிக்கும் நாள். வேடிக்கை பார்க்கப் போகலாமா என்று சிலர் கேட்டீர்கள். அது அவர்கள் வீட்டு விசேஷம், அழைக்காமல் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த வருஷம் நம் வீட்டு வேலை. கேப் காட் பகுதியின் மணல் மண்ணில் செப்டிக் டேங்க் கழிவின் நைட்ரஜன் நிலத்தடி நீர் வழியாகவே விரிகுடாவுக்குப் போய்விடும். பாசி பெருகும், கடற்புல் சாகும். அங்கே வீடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் தொட்டியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று பொதுக்குழுவில் கேட்பேன், தேதியோடு வாருங்கள்.

ரப்பர் பூட்ஸ் இரவல் வாங்கிய இருவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

செயலாளர்