கட்டடத்தைப் பார்க்காமலே விலை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வீடு, மனை பக்கங்களை விடாமல் படிக்கிறேன். புது அடுக்குமாடி, புது மனைப்பிரிவு, கடன் வட்டி எல்லாம் வருகிறது. ஆனால் நம் சேலத்தில் மரவனேரி, அஸ்தம்பட்டி, அழகாபுரம், சொர்ணபுரி பக்கமெல்லாம் நாலு சென்ட், அஞ்சு சென்ட்டில் நிற்கிற அந்தக் காலத்துச் சின்ன வீடுகளுக்கு எப்படி மதிப்புப் போடுவது என்று ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. அதனால் தரகர் சொல்வதே விலை என்று ஆகிவிட்டது. உள்ளே கால் வைக்காமல் கேட்டிலேயே நின்று, "பழசு சார், மனைக்கு மட்டும்தான் காசு, கட்டடத்துக்குக் கணக்கே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டட மேற்பார்வை வேலையில் இருக்கிறவன் நான், தெரிந்தவர்கள் கூப்பிட்டால் இப்படிப்பட்ட வீடுகளைப் போய்ப் பார்த்துச் சொல்வேன். பிள்ளைகள் வெளியூரில், வயதான அம்மா மட்டும் தனியாக இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

கணக்கே கிடையாது என்பது பொய். நல்ல சுட்ட செங்கல், கான்கிரீட் தளம் என்றால் 60 முதல் 80 ஆண்டு ஆயுள் வைத்து, கடைசியில் உடைத்து விற்றாலும் 10 சதவீதம் தேறும் என்று மதிப்பீட்டாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். 900 சதுர அடி வீட்டை இன்று கட்ட, உதாரணத்துக்கு, சதுர அடி 2,000 ரூபாய் என்றால் 18 லட்சம். அந்த 10 சதவீதம் போக மீதி 90 சதவீதம் ஆயுள் முழுக்கச் சமமாகத் தேயும் என்று வைத்து, வீட்டுக்கு 50 வயது, ஆயுள் 80 என்றால் தேய்மானம் போக கிட்டத்தட்ட 7.9 லட்சம் நிற்கிறது. ஆயுள் 60தான் என்று கறாராகப் பிடித்தாலும் நாலரை லட்சம் வரும். இது சும்மா விடுகிற பணமா?

ஆனால் எந்த வீட்டுக்கு 80, எந்த வீட்டுக்கு 60, எதற்குச் சுழியம் என்பதைக் கேட்டில் நின்று சொல்ல முடியாது. நான் முதலில் போவது பாத்ரூமுக்கும் சன்ஷேடு அடிக்கும்தான். ஈரம் அதிகம் படுகிற இடம் அது, கம்பி துருப்பிடித்தால் அங்கேதான் முதலில் காட்டும். துரு ஏறிய கம்பி பருத்துக் காரையைக் கீழே தள்ளும், கம்பியின் நீளத்துக்கே கோடு போட்டது போல விரிசல் ஓடும். சின்னச் சுத்தியல் பிடியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், காரை பிடி விட்டுப்போன இடத்தில் பொத்பொத்தென்று கேட்கும். ஹாலும் அறைகளும் நன்றாக இருந்து பாத்ரூம் மட்டும் போயிருந்தால் அது பழுது, அந்தச் செலவை விலையில் கழித்தால் போதும். வீடு முழுக்கப் பொத்தென்றால் தரகர் சொல்வதுதான் சரி, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கம் தேக்குக் கட்டை போட்டு மேலே செங்கல் அடுக்கிய சுண்ணாம்புத் தளம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் கட்டையின் முனை சுவருக்குள் போகிற இடத்தில் கரையானோ ஈரமோ இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

சுவரில் பூச்சு வெடித்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிகிற விரிசல்தான் விஷயம். மாடி எடுக்கிற எண்ணம் இருந்தால், மெயினை அணைத்துவிட்டு ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றி, செங்கல் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் உள்ளே மண் சாந்தாக இருக்கலாம், மேலே பூசியதுதான் சிமெண்ட். மாடி எடுக்கலாமா என்பதைப் பொறியாளரிடம் கேட்டுக்கொண்டு பேசுங்கள்.

இதையெல்லாம்விட நம் ஊரில் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது, ரோட்டு மட்டம். வீடு கட்டும்போது தரை ரோட்டைவிட ரெண்டடி உயரத்தில் இருந்திருக்கும். அப்புறம் ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, இன்று பல தெருக்களில் படி ஏறிப் போன வாசலுக்குப் படி இறங்கிப் போகிறோம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார், ஆனால் அதற்குள் ஏறிய உயரம் ஏறியதுதான். சேர்வராயன் மலையில் கொட்டுகிற மழை திருமணிமுத்தாறு வழியாக ஊருக்குள்தான் இறங்குகிறது, அதனால் காம்பவுண்டு சுவரின் அடியில் பழைய தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்கள். தண்ணீர் உள்ளே வருகிற வீட்டுக்கு எவ்வளவு நல்ல தளம் இருந்தும் விலை குறையத்தான் செய்யும்.

வயரிங்கில் எர்த் இருக்காது, இரும்புப் பைப்பு உள்ளே அடைத்திருக்கும், இரண்டையும் மாற்றுகிற செலவை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ஒன்றே ஒன்று: அப்பா சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் போயிருந்தால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகள்களுக்கும் பங்கு உண்டு. மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டவே வேண்டாம்.

ஆசிரியரிடம் நான் கேட்பது இதுதான். வாரம் ஒரு அரைப் பக்கம் இந்த வீடுகளுக்காக ஒதுக்குங்கள். சேலத்திலேயே அனுபவப்பட்ட பொறியாளர்களும் மேஸ்திரிகளும் இருக்கிறார்கள், அவர்களைப் பேச வைத்து, எந்தப் பழுதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று இன்றைய கூலியில் போடுங்கள். விற்கிறவர் கையில் அந்தத் தாள் இருந்தால் தரகரிடம் பேச அவருக்கும் நாலு வார்த்தை இருக்கும்.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வையாளர்,
மரவனேரி, சேலம்.